தீப்பெட்டி அளவில் ஒரு பியூன் புக்

அது ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வெள்ளை நிறம். மேலே நகத்தின் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் ஓர் எண், எண்ணுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் விடை சரியென்றால் வாத்தியார் போடுவாரே, அந்த மாதிரி ஒரு குறி. அதற்கு வாய் கிடையாது, கண் கிடையாது. ஆனாலும் போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, என் சமையலறையில் நான் தனியாக இருந்தபோது செய்த ஒரு காரியத்தை அது ஒரு நிமிஷம் விடாமல் எழுதி வைத்துக்கொண்டது. அதனால் ஒரு மனிதரின் வேலை போயிற்று. அந்த வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் நான் வாயைத் திறந்து பேச வேண்டியிருந்தது. எனக்கோ தெரியாத ஆட்களிடம் பேச வேண்டுமென்றால் குரலே வராது.

டெல்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தவரை காய்கறிக்காரரோடு பேசும் அளவுக்கு இந்தி வந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை. இப்போது மகனுக்குக் கிட்வாய் நகரில் கிடைத்த வீட்டில், ஏழாவது மாடியில் இருக்கிறோம். மணி அடித்தால் சங்கிலியைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். இடுக்கு வழியாகப் பார்த்து, தலையை ஆட்டி, பொட்டலத்தை வாங்கிக்கொள்வேன். அதற்கே எனக்கு வேர்த்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஓர் அமைச்சகத்தில் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். பியூன் புக் என்பார்கள். எந்தக் கடிதம், யாருக்கு, எந்தத் தேதி, கடைசிக் கட்டத்தில் வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் கடிதம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். மழையில் நனைந்து வந்தாலும் சட்டைக்குள் இருந்து முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பார்.

இரண்டு வருஷமாக அவருக்குச் சிறுநீரகம் சரியில்லை. அதனால் உடம்பில் ரத்தம் ஊறுவது குறைந்துவிட்டது. ரத்தம் ஊற மாதம் ஓர் ஊசி. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். பிறகு லிஃப்டிலிருந்து ஆட்டோவரை நடப்பதற்கே மூச்சு வாங்கியது. மருந்தை வீட்டுக்கே வரவழைக்கலாம், பக்கத்து பிளாக்கில் இருக்கிற நர்ஸ் வந்து போடட்டும் என்று மகன் ஏற்பாடு செய்தான். அந்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்களுக்குத் திருநெல்வேலி. அவர் பேச ஆரம்பித்தாலே வீட்டில் ஒரு கலகலப்பு வந்துவிடும்.

"எக்கா, இது ஐஸ் மருந்தாக்கும். வந்த ஒடனே ஃப்ரிஜ்ல வச்சிரணும். ஃப்ரீசர்ல இல்ல, கீழ. கேட்டியளா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டேன். ஃப்ரிஜில் வைக்க வேண்டும் என்று நன்றாகத்தான் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். வெளியே அனல் காற்று. மகன் ஆபீசுக்குப் போயிருந்தான். இவர் உள்ளறையில் கூலரின் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. இடுக்கில் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நீலப் பெட்டியை, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார்.

"அம்மாஜி, ஓ.டி.பி.?" என்றார்.

அந்த நாலு எண் மகனுடைய ஃபோனுக்கு வரும். நான் மகனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருந்திருக்கிறான். அந்த மனிதர் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. விதிப்படி அவர் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போனால் மருந்து மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வரும். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கூலர் முன்னால் கட்டிலும், கட்டிலில் இவர் கால்களும் அங்கிருந்தே தெரியும். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"மரீஸ் இவங்களா?" என்று இந்தியில் கேட்டார். நோயாளி இவரா என்று. நான் தலையை ஆட்டினேன்.

"அச்சா, நீங்க வெச்சுக்குங்க அம்மாஜி. மத்த டவர்ல எல்லாம் குடுத்துட்டு வந்து நம்பர் வாங்கிக்கறேன்" என்று பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, படி வழியாகவே இறங்கிப் போனார். நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால்தான் போகும். மகனின் பாடப் புத்தகம், முதல் சம்பளம், புதுச் சட்டை எல்லாம் அப்படித்தான். இவருக்கு வந்த ஒவ்வொரு மாத்திரையும் குங்குமம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் இவர் வாய்க்குப் போயிருக்கிறது. நீலப் பெட்டி பெரியது, சாமி அலமாரியில் நுழையாது. அதுவுமல்லாமல் எத்தனை கை பட்டு வந்ததோ. அதனால் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஐஸ் பைகள், நடுவில் சின்ன அட்டைப் பெட்டியில் மருந்து, அட்டையோடு ஒட்டி அந்தத் தீப்பெட்டிச் சாமான். கண்ணாடியில் நாலு என்று ஏதோ காட்டியது. கடிகாரம் என்று நினைத்தேன். அதன் மேல்தான் இடம் வசதியாக இருந்தது. ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தேன். மருந்தைச் சாமி அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் நிறைய ஊற்றி ஏற்றினேன். இவருக்குக் கால் வீக்கம் வடிய வேண்டும், ஒரு தடவையாவது கீழே பார்க் வரை நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விளக்கு தானாக மலையேறும் வரை சாமி முன்னால் வைத்ததை எடுக்கும் வழக்கம் இல்லை.

சாமி அலமாரிக்கும் ஃப்ரிஜுக்கும் இரண்டடி தூரம். ஃப்ரிஜில் வைக்கச் சொன்னார்கள். சாமி முன்னால் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லையே.

ஒன்றரை மணிக்கு அந்த மனிதர் திரும்பி வந்தார். அதற்குள் மகன் கூப்பிட்டு எண்ணைச் சொல்லியிருந்தான். நான் கையில் எழுதிக் காட்டினேன். அவர் ஃபோனில் தட்டினார். ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். நின்றபடியே குடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். இன்னும் கால் மணி நேரம் கழித்து விளக்கு அணைந்தது. நான் மருந்தைக் கும்பிட்டு எடுத்து, ஃப்ரிஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தார். கை கழுவிவிட்டு வந்து மருந்தை எடுத்தார். ஊசியைப் பிரிக்காமல் அந்தச் சாமானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எக்கா, இங்க பெருக்கல் குறி விழுந்திருக்கு பாத்தியளா? இந்த மருந்து சூடாயிருக்கு. அண்ணாச்சி, இண்ணைக்கு ஊசி கெடயாது."

"ஏன்? ஃப்ரிஜ்லதானே இருந்துச்சு?" என்றார் இவர்.

"இப்பம் ஃப்ரிஜ்லதான் இருக்கு. நடுவுல எங்கயோ வெந்துருக்கு."

மகன் அந்தச் சாமானைத் தன் லேப்டாப்பில் செருகினான். திரையில் ஒரு கோடு வந்தது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஹைதராபாத்தில் மருந்தைப் பெட்டியில் வைத்த நேரத்திலிருந்து கோடு தொடங்குகிறது. துணி உலர்த்தக் கட்டின கயிறு போல நேராக, நாலு, நாலு, ஐந்து, நாலு. வண்டியில் ஏறியபோது நேராக. விமானத்தில் நேராக. டெல்லியின் அனலில் இறங்கியபோதும் நேராக. வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு அந்தக் கயிறு திடீரென்று மலையேறுகிறது. முப்பத்தொன்பது வரை போகிறது. உச்சியில் அப்படியே நிற்கிறது. ஒன்றே முக்கால் மணிக்கு இறங்குகிறது.

என் வெள்ளிக்கிழமை விளக்கு அது. ஏற்றிய நிமிஷம் இருந்தது, அணைந்த நிமிஷம் இருந்தது. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கோவிலில் திரை விலகும்போது உடம்பு ஒரு மாதிரி ஆகுமே, அப்படி இருந்தது. அந்த நேரத்தில் என்னைப் பார்த்தது சாமி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணரைக்குத்தான் டெலிவரி ஆயிருக்கு" என்றான் மகன். "நம்பர் இல்லன்னு திரும்ப எடுத்துட்டுப் போயி, பதினொண்ணுலேர்ந்து அந்த ஆள் வெயில்ல வெச்சு ஊரு சுத்திருக்கான். பில்குல் கேர்லெஸ்! சுத்த அலட்சியம்!"

இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஊசி போனதைவிட அந்தக் கோடுதான் பெரிதாக இருந்தது. "எத்தனை நிமிசத்துக்கு ஒருக்க எழுதும்டே?"

"அஞ்சு நிமிஷம்ப்பா."

"ராத்திரியும்?"

"ராத்திரியும்."

"லீவு போடாதா?"

"போடாது."

"நம்ம செக்சன்ல இது இருந்திருந்தா பாதிப் பேரு வீட்டுக்குப் போயிருப்பான்" என்று சிரித்தார். "ஏளா, பாத்தியா? பியூன் புக்கே தன்னால எழுதிக்கிடுது."

மகன் கம்பெனிக்குப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அந்தச் சாமானை முந்தானையால் துடைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் பொட்டு இருக்கும், மகன் அதைக் கவனித்திருக்கவில்லை. பொட்டு போயிற்று. மூடியும் அடியும் சேரும் இடுக்கில் மட்டும் ஊசிமுனை அளவு சிவப்பு. நகத்தால் தோண்டினேன். வரவில்லை.

கம்பெனி அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியது. திங்கட்கிழமைக்குள் வேறு மருந்து வரும், கொண்டுவந்த ஆளின் ஐ.டி.யை அடைத்தாயிற்று என்று. ஐ.டி.யை அடைத்தால் என்ன ஆகும் என்று மகனிடம் கேட்டேன்.

"அவன் ஃபோன்ல வேலை வராதும்மா. கதம். வேலை போச்சு" என்றான்.

அந்த இரண்டு நாளும் மகன் என் ஃபோனில் ஒரு படத்தைத் திறந்து கொடுத்திருந்தான். அடுத்த பெட்டி எங்கே வருகிறது என்று அதில் தெரியும். ஹைதராபாத்தில் குளிர் அறையை விட்டது, ஒரு குறி. விமான நிலையத்துக்கு வந்தது, ஒரு குறி. பக்கத்திலேயே எத்தனை டிகிரி என்றும் இருந்தது. முன்பெல்லாம் ஊரிலிருந்து இவருக்கு லேகியம் வர வேண்டுமென்றால் யாராவது டெல்லிக்கு ரயில் ஏறும் நாளுக்குக் காத்திருப்போம். ஏறினார்களா, பையை எடுத்தார்களா, ஒன்றும் தெரியாது. ஸ்டேஷனில் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இப்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தேன், ஃபோனைப் பார்த்துவிட்டுப் பாலைப் பார்த்தேன்.

"எங்க வந்திருக்கு?" என்று உள்ளறையிலிருந்து இவர் கேட்பார்.

"ஆகாசத்துல."

"டிகிரி?"

"மேல இருக்கும்போது காட்டாதாம்."

விமானம் இறங்கியதும் காட்டியது. மேலே இருந்தபோது எழுதியதை எல்லாம் சேர்த்து, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் காட்டியது. நாலு புள்ளி ஆறு, நாலு புள்ளி எட்டு, நாலு புள்ளி ஏழு. மேகத்துக்கு மேலேயும் அது சும்மா இருக்கவில்லை.

"அதுக்கு நாலு, நமக்கு நாப்பத்தஞ்சு" என்றார் இவர். "அடுத்த சென்மத்துல மருந்தாப் பொறக்கணும்ளா."

எத்தனை பேர் முகம் தெரியாமல் இதைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஏழாவது மாடியில் ஒரு கிழவரின் ரத்தம் ஊறுவதற்காக ஹைதராபாத்தில் ஒருவர் ஐஸ் பையை அடுக்குகிறார், ஒருவர் விமானத்தில் ஏற்றுகிறார், ஒருவர் டெல்லியில் ஓக்லா கிடங்கில் இறக்குகிறார். எல்லோரும் அந்தக் கயிற்றை ஆளுக்கு ஒரு முழம் நேராகப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். கடைசி இரண்டடியில் அதைக் கைவிட்டது நான்.

திங்கட்கிழமை வேறு ஒருவர் வந்தார். மகன் வீட்டில் இருந்ததால் எண்ணை அவனே சொன்னான். மருந்தை நான் நேராக ஃப்ரிஜில் வைத்தேன். வைத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அந்த நீலப் பெட்டியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கழுவி மறுபடி அனுப்புவார்களாம். காலிப் பெட்டியின் மூடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தேன். போகிற வழியில் அடுத்த வீட்டு மருந்தாவது கெடாமல் போகட்டும் என்று.

வந்தவர் பழைய சாமானையும் வாங்கிக்கொண்டார். வாங்குவதற்கு முன் அதை மேசையில் வைத்து முன்புறம், பின்புறம், நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்தார். ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் அந்தச் சிவப்பு தெரிந்துவிடுமோ என்று பார்த்தேன். நர்ஸ் ஊசி போட்டார். இவர் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி நான் சும்மா இருந்தாலே போதும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் தோன்றியது.

அன்று சாயங்காலம், வெயில் தாழும் முன் மணி அடித்தது. அந்தத் தாடி மனிதர். கம்பெனிச் சட்டை இல்லாமல் சாதாரணச் சட்டையில் வந்திருந்தார். மகன்தான் கதவைத் திறந்தான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சாப்ஜி, நான் குடுக்கும்போது பெட்டி சில்லுனு இருந்துச்சு" என்றார் இந்தியில்.

"மெஷின் பொய் சொல்லுதா?"

"மெஷின் பொய் சொல்லாது, சாப்ஜி. நானும் சொல்லல."

"பின்ன பதினொண்ணுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் பெட்டி யார்கிட்ட இருந்துச்சு?"

எண் வாங்காமல் கொடுத்தேன் என்று அவர் சொன்னால் அதுவே தனிக் குற்றம். சொல்லாவிட்டால் மருந்தைக் கெடுத்த குற்றம். என் மகன் தோளுக்கு மேலாக அவர் உள்ளே பார்த்தார். சமையலறைக் கதவின் கீழே என் கால் தெரிந்திருக்கும். 'அம்மாவைக் கேளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அங்கிளுக்கு ஊசி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். போட்டாயிற்று என்றதும், "டீக் ஹை", சரி என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.

மகன் கதவைச் சாத்தினான். கட்டிலிலிருந்து இவர் சொன்னார்: "அவன் கையெழுத்து வாங்குறதுக்கு முந்தியே குடுத்துட்டுப் போயிருப்பான்டே. நானும் ஒருக்க அப்படித்தான் மாட்டுனேன்."

"நீங்களா?"

"ஆபீசர் சாப்பிடப் போயிருந்தாரு. மேசையில வச்சிட்டு, சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கிடலாம்னு வந்துட்டேன். சாயங்காலம் கடிதத்தக் காணோம். வரவே இல்லன்னுட்டாரு. புக்குல கட்டம் காலி. எவன் நம்புவான்? மெமோ குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த அறையில நாலு பேரு இருந்தான். எவனோ ஒருத்தன் எடுத்துருப்பான். எவனும் வாயத் தொறக்கல."

எனக்கு அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. கோல் மார்க்கெட் வீட்டில் ஒரு மாதம் போல இவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த நாலு பேரை, முகம் தெரியாமலே, நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"நான்தான்" என்றேன். "பதினோரு மணிக்கே வாங்கிட்டேன். சாமி முன்னால வச்சேன். விளக்கு அணையுற வரைக்கும் வச்சிருந்தேன்."

மகன் என்னையே பார்த்தான். "அம்மா! நீயா? நான் அந்த ஆளை..." கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரி, விடு. ரகசியமா இருக்கட்டும். இப்ப போய்ச் சொன்னா நம்ம மேலதான் வரும். மருந்து குடுத்துட்டாங்கல்ல" என்றான்.

இவர் என்னைத் திட்டவில்லை. ஃபோன் இருந்த மேசையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"ஃபோனப் போட்டுக் குடு" என்றேன் மகனிடம்.

மகன் ஏதேதோ எண்களை அமுக்கினான். தமிழுக்கும் ஓர் எண் இருந்தது. பாட்டு ஒன்று ஓடி நின்றது. ஒரு பெண்ணின் குரல், "வணக்கம்" என்றது. எங்கிருந்து பேசுகிறாளோ, பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். அவள் "ஹலோ, ஹலோ" என்றாள். வைத்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் என் குரல் வெளியே வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. மணி அடித்ததிலிருந்து மோர் கொடுத்ததுவரை சொன்னேன். வேண்டிக்கொண்டதைக்கூடச் சொல்லிவிட்டேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "அம்மா, நீங்க சொல்றத நான் எழுதிக்கிட்டேன். ஆனா சிஸ்டத்துல டெலிவரி ஒண்ணரைன்னு இருக்கு. அந்த நேரம் மருந்து உங்க வீட்லதான் இருந்துச்சுங்கிறதுக்கு வேற ஏதாவது இருக்காம்மா? மேல இருக்கறவங்க கேப்பாங்க."

என்ன இருக்கிறது? சாமி வந்து சொல்லுமா? அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"குங்குமம்" என்றேன்.

"என்னம்மா?"

"அந்த வெள்ளைச் சாமான் மேல பொட்டு வச்சேன். தொடச்சிட்டேன். ஆனா மூடி சேருற இடுக்குல கொஞ்சம் இருக்கும். மத்தியானம் ஒருத்தர் ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாரே, அதுல பாரும்மா."

"இருங்க" என்றாள். அவள் விரல் தட்டும் சத்தம் கேட்டது. அது நின்றது. மறுபடி தட்டினாள். எங்கேயோ ஒரு பெண் என் வீட்டு மேசையைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அம்மா..." அவள் குரல் மாறியிருந்தது. "இருக்கும்மா. பெருசாக்கிப் பாத்தேன். சிவப்பா ஒரு புள்ளி. வாங்கினவரு 'கறை'ன்னு பதிஞ்சிருக்காரு. என்ன கறைன்னு எழுதல."

"குங்குமம்னு எழுதிக்கோ."

"எழுதறேன்மா." தட்டினாள். "சாமி ஷெல்ஃப்ல இருந்ததுன்னும் எழுதிக்கறேன். முடிவு நான் எடுக்கறதில்ல. ஆனா இது போகும், கண்டிப்பாப் போகும்." பிறகு, கம்பெனிக் குரல் இல்லாமல் சொந்தக் குரலில் சொன்னாள்: "எங்க அம்மாவும் எல்லாத்தையும் சாமிகிட்டதாம்மா வெப்பாங்க."

ஃபோனை வைத்தேன். இவர் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து ரொம்ப நாளாகியிருந்தது.

நாலைந்து நாள் கழித்து மகன் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. விசாரணை முடிந்தது, ஊழியர் எச்சரிக்கையோடு வேலைக்குத் திரும்புகிறார் என்று. எண் வாங்காமல் கொடுத்ததற்கு எச்சரிக்கை. எங்களுக்கு, மருந்தைக் கையாளும் முறை என்று தமிழிலேயே ஒரு தாள் வந்தது. முதல் வரியே, வந்தவுடன் நேராகக் குளிர்பெட்டியில் வைக்கவும் என்பதுதான். 'நேராக' என்பதை நான் இரண்டு தடவை படித்தேன். நர்ஸ் அதை வாசித்துவிட்டு, "எக்கா, அந்தச் செகப்ப நான் சனிக்கெழமையே பாத்துட்டேன். நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லவேள, ஊசி மேல பொட்டு வைக்காம விட்டிய" என்று அவரே சிரித்தார்.

செய்தி வந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஃபோனில் வருகிற எழுத்துதானே. அடுத்த மாத ஊசிக்கான பெட்டி ஹைதராபாத்தை விட்ட நாளிலிருந்து குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு புள்ளி ஐந்து. நாலு புள்ளி ஏழு. கொண்டுவருபவர் யார் என்று மட்டும் அதில் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு மணி அடித்தது. இடுக்கில் பார்த்தேன். நரைத்த தாடி. பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். நான் சங்கிலியை எடுத்துக் கதவை முழுக்கத் திறந்தேன்.

"நமஸ்தே அம்மாஜி. பெஹ்லே நம்பர்" என்றார். முதலில் எண். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்தத் தடவை எண் என் ஃபோனுக்கே வரும்படி மகன் மாற்றி வைத்திருந்தான். நான் சொன்னேன். "சார். நௌ. தோ. ஏக்." நாலு, ஒன்பது, இரண்டு, ஒன்று. இந்தியில், ஒவ்வொன்றாக, உரக்கச் சொன்னேன். அவர் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் ஃபோனுமாகத் தட்டினார். அந்த நேரத்தில்தான் மூடியைப் பார்த்தேன். ஓரத்தில், கழுவியும் போகாத மங்கலான ரோஸ் நிறத்தில், ஒரு ரூபாய்க் காசில் பாதி அளவுக்கு ஒரு வட்டம்.

இந்த ஒரு மாதத்தில் அது எந்தெந்த வீட்டுக்குப் போனதோ. எத்தனை தடவை மேகத்துக்கு மேலே ஏறி இறங்கியதோ. இத்தனை ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவில் நடந்து நடந்து எங்கள் ஏழாவது மாடிக்கே வந்து நிற்கிறது.

நான் பார்ப்பதைப் பார்த்து அவர் மூடியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "தாக் ஹை, அம்மாஜி. ஜாதா நஹீ." கறை, போகவே மாட்டேன் என்கிறது என்று.

"மேரா ஹை" என்றேன்.

என்னுடையது என்று நான் சொன்னது அவருக்குப் புரிந்ததோ என்னவோ. மூடியை மறுபடி பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், தேய்ப்பதை நிறுத்திக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்து ஃபோன் ஒரு சத்தம் போட்டதும், பெட்டியை என் இரண்டு கையிலும் வைத்தார்.

உள்ளே போனேன். சாமி அலமாரியைத் தாண்டும்போது கால் ஒரு நொடி தயங்கியது. தாண்டி, ஃப்ரிஜைத் திறந்து, மருந்தை வைத்தேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் நாலு புள்ளி மூன்று என்று இருந்தது, பக்கத்தில் சரி என்ற குறி. மூடும் முன் அதைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டுக்கொண்டேன். பிறகு போய் மோர் கரைத்தேன்.